சாட்நாவ் கம்பெனி மாறலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ரவுண்டபவுட் பற்றி எழுதும்போது, "நான் டாம்டாமை விட்டு கார்மினுக்கு வந்த புதிதில்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பலன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி சாட்நாவ், அதாவது காரில் வழி சொல்லும் பெட்டி பற்றித்தான். டாம்டாமும் கார்மினும் அதைச் செய்கிற இரண்டு கம்பெனிகள். சரி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவோம். டயர், இன்சூரன்ஸ் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: அண்ணா, பத்து வருடமாக டாம்டாம்தான். போன மாதம் என் பிறந்தநாளுக்கு மருமகன் ஒரு கார்மின் வாங்கித் தந்துவிட்டார். ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் புதுசில் ஒன்றும் கைக்கு வரவில்லை. பழையதில் அறுபது இடங்களுக்கு மேல் சேமித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கேபிளால் இணைத்தால் அதெல்லாம் தானாகப் போய்விடுமா? அப்புறம், தெரிந்த பாதைக்கே கார்மின் வேறு வழி காட்டுகிறதே, அது ஏன்?
ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தானாகப் போகாது ஐயா. டாம்டாம் எழுதுவது கார்மினுக்குப் புரியாது, கார்மின் எழுதுவது டாம்டாமுக்குப் புரியாது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், இல்லையென்றால் ஒரு பேனாவும் நோட்டும் வேண்டும். நான் பேனாவுக்குத்தான் ஓட்டுப் போடுவேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் டாம்டாம் எந்த வகை என்று பாருங்கள். ரொம்பப் பழைய மாடல் என்றால் கம்ப்யூட்டரில் செருகியதும் பென் டிரைவ் மாதிரி திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் ஃபைல்களை அப்படியே காப்பி எடுக்கலாம். அதற்குப் பின் வந்தவை அப்படித் திறக்காது, இணையத்தில் டாம்டாம் கணக்கு வழியாகத்தான் உங்கள் இடங்களைப் பார்க்க முடியும். பழைய வகையில் நீங்கள் போட்டு வைத்த பயணங்கள் ஐடிஎன் என்று முடிகிற ஃபைல்களாக இருக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை, வரிக்கு ஓர் இடம். இப்படி இருக்கும்:

-11234|5150012|வாட்டர்லூ பக்கம்|0|

முதல் எண் தீர்க்கரேகை, இரண்டாவது அட்சரேகை, இரண்டையும் ஒரு லட்சத்தால் பெருக்கி வைத்திருக்கிறார்கள். வகுத்தால் -0.11234, 51.50012 என்று வரும், அதுதான் இடம். கார்மினுக்கு ஐடிஎன் ஆகாது, அது கேட்பது ஜிபிஎக்ஸ் என்ற வேறு வகை ஃபைல். ஜிபிஎஸ்பேபல் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, இதை அதுவாக மாற்றித் தரும். மாற்றிய ஃபைலை கார்மினுக்குள் ஜிபிஎக்ஸ் என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டு மெனுவில் இறக்குமதி செய்துகொள்ளலாம். கார்மினே பிஓஐ லோடர் என்று ஒரு மென்பொருள் தருகிறது (பிஓஐ என்றால் நாம் குறித்து வைக்கும் இடம்), அதற்கு எக்செல் பட்டியலை சிஎஸ்வி, அதாவது கமா போட்டுப் பிரித்த ஃபைல் ஆக்கிக் கொடுத்தால் போதும். ஆனால் அதில் ஏற்றியவை சேமித்த இடங்களில் வராது, தனியாக 'கஸ்டம் பிஓஐ' என்ற மூலையில் போய் உட்காரும். "ஏற்றினேன், காணோம்" என்று சொல்கிறவர்கள் அங்கே போய்த் தேடுங்கள்.

நான் சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். கூகுள் மேப்பில் ஓர் இடத்தைத் தொட்டால் அட்சரேகை முன்னால், தீர்க்கரேகை பின்னால் வரும். பிஓஐ லோடர் கேட்பது அதற்கு நேர்மாறு, தீர்க்கரேகைதான் முதலில். இதைக் கவனிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, லண்டனில் இருக்கிற அத்தனை நண்பர்கள் வீட்டையும் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் குடியேற்றி வைத்தேன். பெட்டி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, ஈஸ்ட் ஹாமுக்கு வழி கேட்டதும் நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வழி இல்லை என்றது. ஒரே ஓர் இடத்தை ஏற்றிப் பார்த்துச் சரியென்றான பிறகு மற்றதை ஏற்றுங்கள்.

இனி பேனா விஷயம். கடைசியில் நான் செய்தது இதுதான்: பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக நோட்டில் எழுதினேன். நாற்பத்தொரு இடம். எழுதி முடித்துப் பார்த்தால் அதில் பாதி செத்த முகவரி. ஊருக்கே திரும்பிப் போய்விட்ட நண்பனின் வாடகை வீடு, மூடிவிட்ட மளிகைக் கடை, நான் வேலையை விட்டே ஆறு வருடமான ஒரு கிடங்கு, யாருடைய திருமணம் என்றே நினைவில்லாத ஒரு மண்டபம். மிச்சம் இருபது. இருபதைக் கையால் தட்ட முக்கால் மணி நேரம்கூட ஆகாது. உங்களுக்கும் அறுபதில் இருபத்தைந்துதான் தேறும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பிரிட்டனில் ஒரு போஸ்ட்கோடுக்கு சராசரியாகப் பதினைந்து வீடு. வெறும் போஸ்ட்கோடைப் போட்டுச் சேமித்தால் தெருவின் நடுவில்தான் போய் நிற்பீர்கள், கதவு எண்ணையும் சேருங்கள். எங்கள் பெரியம்மா வீட்டுக்கு அதுவும் போதாது. முன் தெருவில் பார்க்கிங் கிடையாது, பின்னால் ஒரு சந்து வழியாகத்தான் போக வேண்டும். பழையதில் 'பெரியம்மா பின்வாசல்' என்று தனியாக வைத்திருந்தேன். அப்படிப்பட்ட இடங்களை எந்த மென்பொருளையும் நம்பி விடாதீர்கள். அங்கே போயிருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டு, திரையில் வண்டிப் படத்தைத் தொட்டுச் சேமியுங்கள்.

அடுத்தது, ஏன் வேறு வழி காட்டுகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் மேப்பே வேறு ஐயா. 2007இல் டெலி அட்லஸ் என்ற நெதர்லாந்து மேப் நிறுவனத்தை வாங்க டாம்டாமும் கார்மினும் ஏலத்தில் போட்டி போடுகிற மாதிரி மோதிக்கொண்டன. கார்மின் பங்குக்கு 24.50 யூரோ என்றது, டாம்டாம் 30 என்று ஏற்றியது, கார்மின் விலகிக்கொண்டது. 2.9 பில்லியன் யூரோ கொடுத்து 2008இல் டாம்டாம் அதைச் சொந்தமாக்கிக்கொண்டது. கார்மின் நேராக சிகாகோவின் இன்னொரு மேப் நிறுவனமான நாவ்டெக்கிடம் போய் நீண்ட ஒப்பந்தம் போட்டது. அந்த நாவ்டெக்கை நோக்கியா வாங்கி, பிறகு ஹியர் என்று பெயர் மாறி, 2015இல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் என்ற மூன்று கார் கம்பெனிகளும் சேர்ந்து வாங்கிக்கொண்டன. ஆக, இரண்டு பெட்டிக்கும் தெருவை அளந்தவர்கள் வெவ்வேறு ஆட்கள். உங்கள் தெரு முனையில் ஒருவழிப் பாதை புதிதாக வந்தால் ஒன்றுக்கு முன்னால் தெரியும், இன்னொன்றுக்குப் பின்னால் தெரியும், எது முந்தும் என்று ஊருக்கு ஊர் மாறும்.

அதோடு கணக்குப் போடும் குணமும் வேறு. டாம்டாம் 2008இலிருந்தே, வண்டிகள் அந்தத் தெருவில் அந்த நேரத்தில் உண்மையில் என்ன வேகத்தில் போயின என்ற பழைய பதிவுகளை வைத்து வழி சொல்லிப் பழகியது. அதன் டிராஃபிக் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு, இந்த ஒரு விஷயத்தில் மாறியதற்கு நான் கொஞ்சம் வருந்தியதும் உண்டு. கார்மின் எனக்குப் பிடித்துப்போனது சொல்கிற விதத்தில். "200 கஜத்தில் இடப்பக்கம்" என்று மட்டும் சொல்லாமல் "சிக்னலைத் தாண்டி இடப்பக்கம்" என்று சொல்லும். நம் ஊரில் வழி கேட்டால் அப்படித்தானே சொல்வார்கள், ஆலமரத்தைத் தாண்டி, பாலத்துக்கு முன்னால் என்று.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டாம்டாம் சார்ஜர் காரில் அப்படியே இருக்கட்டும், முனை பொருந்தினால் அதையே கார்மினுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல கார்மின் மாடல்களில் டிராஃபிக் செய்தியை வாங்கும் ரிசீவர் பெட்டியில் இல்லை, அந்த சார்ஜர் கேபிளுக்குள் இருக்கிறது. வேறு கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறும், டிராஃபிக் மட்டும் வராது. அந்தக் கேபிள் சுருண்டு கிடக்கிற டப்பாவை மருமகன் தூக்கிப் போடவில்லையே?

ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழையதை வீட்டிலேயே வையுங்கள், காரில் வேண்டாம். இரண்டையும் விண்ட்ஸ்கிரீனில் ஒட்டி எது சரி என்று ஒப்பிட்டுக்கொண்டு ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும், இரண்டு பெட்டியும் பேச, பக்கத்து சீட்டிலிருந்து மனைவியும் பேச, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நேராகவே போனாராம்.

கேள்வி: பெட்டியில் 'லைஃப்டைம் மேப்' என்று போட்டிருக்கிறது. யாருடைய ஆயுள்?
டூட்டிங் வாசகி

பதில்: நல்ல கேள்வி. உங்கள் ஆயுளும் இல்லை, உங்கள் காரின் ஆயுளும் இல்லை, அந்தப் பெட்டியின் 'பயன்பாட்டு ஆயுள்'. அது எப்போது முடிகிறது என்பதைக் கம்பெனிதான் சொல்லும். 2018 தொடக்கத்தில் டாம்டாம் பழைய மாடல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, இவற்றுக்கு இனி மேப் வராது என்றது. லைஃப்டைம் என்று காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். கார்மினின் நிபந்தனையைப் படித்தாலும் இதே சொல்தான், பெட்டியின் பயன்பாட்டு ஆயுள் என்று. அதனால் "அவன் ஏமாற்றினான், இவனிடம் போகிறேன்" என்று இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மாறாதீர்கள். வாங்கும்போது அந்த மாடல் எந்த வருடம் வந்தது என்று பாருங்கள். தள்ளுபடியில் குவித்து வைத்திருக்கும் மாடல் பெரும்பாலும் ஆயுளில் பாதியைக் கடையிலேயே கழித்திருக்கும்.

மேப் பழசானால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2023 செப்டம்பர் 17 அன்று வேல்ஸில் தெரு விளக்குள்ள குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 30 மைலிலிருந்து 20 ஆனது. அதற்கு முந்தைய மேப்போடு கார்டிஃப் போனால் திரையின் ஓரத்தில் 30 என்றே வட்டம் போட்டுக் காட்டும், அதை நம்பி மிதித்தால் வீட்டுக்குக் கடிதம் வரும். பெரும்பாலான பெட்டிகள் சாலையோரப் பலகையைப் பார்த்துச் சொல்வதில்லை, மேப்பில் எழுதி வைத்ததைத்தான் ஒப்பிக்கின்றன.

கேள்வி: மகளுக்கு டிரைவிங் டெஸ்ட் வருகிறது. டெஸ்டில் சாட்நாவ் உண்டாமே. எங்கள் வீட்டில் கார்மின். டாம்டாம் வாங்கித் தர வேண்டுமா?
குரோய்டன் வாசகர்

பதில்: வேண்டாம். 2017 டிசம்பர் 4 முதல் டெஸ்டில் சாட்நாவ் சேர்ந்தது உண்மை. ஐந்தில் நான்கு பேர் அதைக் கேட்டு ஓட்ட வேண்டும், மீதி ஒருவர் சாலைப் பலகைகளைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். இதற்காக அப்போது தேர்ந்தெடுத்த மாடல் டாம்டாம் ஸ்டார்ட் 52. ஆனால் அதைக் கொண்டுவருவதும், இடத்தைப் போட்டு வைப்பதும் எக்ஸாமினர் வேலை. உங்கள் மகள் அதைத் தொடவே வேண்டியதில்லை. வழி தவறினாலும் மதிப்பெண் குறையாது, தவறிய பதற்றத்தில் கண்ணாடி பார்க்காமல் லேன் மாறினால்தான் குறையும். வீட்டில் இருக்கிற கார்மினையே போட்டு, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரையை ஓரக் கண்ணால் மட்டும் பார்த்து ஓட்டப் பழக்குங்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய பெட்டி தேதியை இருபது வருடம் பின்னால் காட்டுகிறது. வழி மட்டும் சரியாகச் சொல்கிறது. மாற்ற வேண்டுமா?
லெஸ்டர் வாசகர்

பதில்: சரியாகக் கணக்குப் போட்டால் 19 வருடம் ஏழரை மாதம் பின்னால் இருக்கும், பாருங்கள். ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் தேதியை மாதம், வருடம் என்று அனுப்புவதில்லை, 1980 ஜனவரி 6இலிருந்து இது எத்தனையாவது வாரம் என்று எண்ணி அனுப்புகின்றன. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் சிறியது, 1023 வரைதான் கொள்ளும், அடுத்த வாரம் மறுபடி பூஜ்ஜியம். பழைய காரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டினால் என்ன ஆகுமோ அதேதான். 1999 ஆகஸ்டில் ஒரு முறை சுற்றியது, 2019 ஏப்ரல் 6 இரவு இரண்டாம் முறை சுற்றியது. அப்போது மென்பொருளைப் புதுப்பிக்காத பெட்டிகள் இன்னும் பழைய சுற்றிலேயே வாழ்கின்றன. அப்பாவுக்கு அது தொந்தரவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்கு அப்டேட் இருந்தால் ஏற்றலாம், இல்லையென்றால் புதுசு.

கேள்வி: கோடைக்கு பிரான்ஸ் வழியாக சுவிட்சர்லாந்து போகிறோம். வேகக் கேமரா எச்சரிக்கை வேலை செய்யுமா?
வெம்பிளி வாசகர்

பதில்: இங்கிலாந்தில் சட்டப்படி சரி. பிரான்ஸில் 2012 முதல், கேமரா இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் கருவிக்குத் தடை, அபராதம் 1500 யூரோ வரை போகலாம். அதனால் அங்கே பெட்டிகள் 'ஆபத்துப் பகுதி' என்று ஒரு நீளத்தைத்தான் காட்டும், மோட்டார்வேயில் 4 கிலோமீட்டர், ஊருக்குள் 300 மீட்டர் என்று. சுவிட்சர்லாந்தில் அதுவும் கூடாது, பெட்டியையே பறிமுதல் செய்யலாம். ஜெர்மனிப் பக்கம் ஒதுங்கினாலும் ஓட்டுநர் அதைப் பயன்படுத்தக் கூடாது. கம்பெனி மாறியவர்கள் இங்கே கவனம்: பழையதில் அணைத்து வைத்திருந்தீர்கள், புதுசில் அது தானாக 'ஆன்' ஆகியிருக்கலாம். கப்பல் ஏறும் முன் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: இதெல்லாம் எதற்கு, போன் இருக்கிறதே?
பெயர் போட வேண்டாம் என்றவர்

பதில்: இருக்கிறது. 2009 அக்டோபரில் கூகுள் இலவச வழிகாட்டியை அறிவித்த அன்றே டாம்டாம், கார்மின் இரண்டின் பங்கும் சரிந்தது, அதன் பிறகு பழைய உயரத்தில் பெட்டி விற்கவே இல்லை. லண்டனுக்குள் மட்டும் ஓடுகிறவர் என்றால் போனே போதும். ஸ்காட்லாந்து மலைப் பக்கம் சிக்னல் போனால், அழைப்பு வந்து மேப்பை மறைத்தால், வெயிலில் போன் சூடாகி அணைந்தால் பெட்டியின் அருமை தெரியும். போன் என்றால் கண்டிப்பாகத் தாங்கியில் வையுங்கள். 2022 மார்ச் 25 முதல் ஓட்டும்போது கையில் எடுத்தாலே குற்றம், 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் லைசென்ஸே போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் தன் பழைய கார்மினைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கோவையில் வேலை செய்யுமா? என்னிடம் இருந்த பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
கோவை வாசகர்

பதில்: சாட்டிலைட் கோவைக்கும் ஒன்றுதான், நீங்கள் நிற்கும் இடம் அதற்குத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது அமெரிக்க மேப் மட்டும் என்றால், வெற்றுத் திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் தனியாக நிற்கும். கார்மினில் ஒரு நல்ல குணம், வெளியாட்கள் செய்த மேப்பையும் மெமரி கார்டில் போட்டால் ஏற்றுக்கொள்ளும். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கார்மினுக்கென்று செய்த இந்திய மேப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, முகவரி தேடுவதில் கொஞ்சம் தடுமாறும், தெருக்கள் பரவாயில்லை. ஆனால் அவிநாசி சாலையில் தினம் ஓட்டுவதற்கு மேப்பில்ஸ் என்ற இந்திய மேப் ஆப்போ கூகுளோ போனில் போட்டுக்கொள்வதுதான் நடைமுறை. அண்ணன் அனுப்பியது காருக்கான பெட்டிதானே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளும் கார்மினில் உண்டு, அவற்றை இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, மின்குப்பை வாங்குகிறவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் போய் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யுங்கள். 'ஹோம்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினால் முன்பின் தெரியாதவரையும் உங்கள் வாசல் வரை கூட்டிக்கொண்டு வந்துவிடும்.